முதலில் இரவுகள், பிறகு பாறைகள்: சியரா நெவாடாவில் இருவர் செல்லும் கோடைப் பாறையேற்றப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளுக்கு முதன்முதலாகப் பாறையேறப் புறப்பட்ட ஆண்டு, நானும் என் மனைவியும் கயிறு, ஹார்னஸ் (கயிற்றைக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டை), காலணி எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, இரவில் எங்கே படுப்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அது மே மாதக் கடைசி வாரம், மெமோரியல் டே நீண்ட விடுமுறை. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் ஒரு கூடாரம் போடவும் இடமில்லை. வாகன நிறுத்துமிடம் ஒன்றில் காருக்குள்ளேயே கண்ணயர்ந்தோம். நள்ளிரவு ஒரு மணிக்கு ரேஞ்சர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, பூங்காவுக்குள் பதிவு செய்த முகாமைத் தவிர வேறெங்கும் காரில் உறங்கக் கூடாது என்று மரியாதையாகவே சொல்லி எழுப்பி அனுப்பினார். மறுநாள் மலையின் கிழக்குப் பக்கம் போகலாமென்று பார்த்தால் அங்கே செல்லும் டயோகா சாலை இன்னும் திறக்கப்படவில்லை. நான்கு நாள் பயணத்தில் நாங்கள் ஏறியது இரண்டே பாதைகள்.

அதன் பிறகு மூன்று கோடைகள் போய்வந்துவிட்டோம். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவுக்கு வேலைக்கு வந்து, உள்ளரங்கச் சுவர்களில் ஓராண்டாவது ஏறிப் பழகி, இனி மலைக்குப் போகலாம் என்று நினைக்கும் இருவருக்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி வரிசை மாறியதால் வந்ததுதான்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தையும் இணைப்பது டயோகா சாலை. அது 9,900 அடிக்கும் மேலான டயோகா கணவாயைக் கடந்து லீ வைனிங் என்ற சிற்றூரில் இறங்குகிறது. பனியின் காரணமாக நவம்பர் வாக்கில் மூடப்படும் இந்தச் சாலை பெரும்பாலான ஆண்டுகளில் மே இறுதியிலோ ஜூன் மாதத்திலோ திறக்கும். ஆனால் கடும் பனி பெய்த 2023இல் ஜூலை 22 அன்றுதான் திறந்தது. சாலை மூடியிருந்தால் டாஹோ ஏரிப் பக்கமாக மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மணி நேரப் பயணம் ஒரு பகற்பொழுதையே விழுங்கிவிடும்.

ஜூன் மாதத்தில் மேட்டு நிலங்களில் கொசு மொய்க்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் 4,000 அடி உயரத்திலுள்ள பள்ளத்தாக்கு நண்பகலில் அடுப்பாகிவிடும். டயோகா சாலையை ஒட்டி 8,600 அடியிலுள்ள டுவாலமி மெடோஸ் என்ற புல்வெளிப் பகுதி அப்போது இதமாக இருக்கும். (Tuolumne என்ற ஆங்கில எழுத்தில் இருக்கும் 'ன்' ஒலியை உள்ளூர்க்காரர்கள் உச்சரிப்பதில்லை.) ஆகஸ்டுக்குப் பிறகு காட்டுத்தீப் புகையின் தொல்லை கூடும். 2018 ஜூலை இறுதியில் ஃபெர்குசன் தீயால் பள்ளத்தாக்கையே ஏறத்தாழ மூன்று வாரம் மூடினார்கள். இவை அனைத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை இறுதி வரையிலான நாள்களே புதியவர்களுக்கு ஏற்றவை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

2. இரவுகளை முன்பதிவு செய்யுங்கள்

யோசெமிட்டி முகாம்களுக்கான பதிவு 'ரிக்ரியேஷன் டாட் கவ்' தளத்தில் நடக்கிறது. பள்ளத்தாக்கின் பெரும்பாலான கார் முகாம்கள் ஐந்து மாதங்களுக்கு முன்பே, மாதத்தின் 15ஆம் தேதி காலை 7 மணிக்கு ஒரு மாதத் தொகுதியாகத் திறக்கப்படும். ஜூலை 15 அன்றோ அதற்குப் பிறகோ போக வேண்டுமானால் பிப்ரவரி 15ஆம் தேதி காலையில் கணினி முன் அமர வேண்டும் என்பது இதன் பொருள். ஏழு மணிக்குப் பிறகு கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் தேடி, அட்டை எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. முந்தைய இரவே கணக்கில் அட்டை விவரங்களைச் சேர்த்துவிடுங்கள். இருவரும் தனித்தனிக் கணக்கில், வெவ்வேறு தேதிகளுக்கு முயலுங்கள். தட்காலில் டிக்கெட் எடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல.

பாறையேறிகளின் முகாமான கேம்ப் ஃபோர் இதற்கு விலக்கு. கோடையில் அங்கே ஒரு வாரத்துக்கு முன்புதான், நாள்தோறும் காலை 7 மணிக்கு, பதிவு திறக்கிறது. ஆளுக்கு ஓர் இரவுக்கு 10 டாலர். இடத்தை முன்பின் தெரியாத நான்கு பேருடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதால், தனிமை வேண்டுவோர் 36 டாலர் கொடுத்துக் கார் முகாமுக்கே போகலாம். பதிவு செய்தவர் தம் புகைப்பட அடையாள அட்டையுடன் நேரில் வந்தாக வேண்டும். நண்பர் பெயரில் பதிவு செய்துவிட்டு நண்பரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டு பொறிகளைச் சொல்ல வேண்டும். மே 1 முதல் செப்டம்பர் 15 வரை ஒருவர் பூங்காவில் 14 இரவுகளுக்கு மேல் தங்க முடியாது. அவற்றிலும் பள்ளத்தாக்கில் 7 இரவுகள் மட்டுமே. அடுத்தது, ரத்து செய்தால் 10 டாலர் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முதல் இரவுக் கட்டணமும் போய்விடும் என்பது. இந்த விதி நமக்கு உதவவும் செய்கிறது: பயணத்துக்கு ஐந்தாறு நாள்களுக்கு முன்பு பலர் ரத்து செய்வார்கள். எங்கள் டுவாலமி இரவுகள் மூன்றில் இரண்டு அப்படிக் கிடைத்தவை.

கிழக்குப் பக்கம் இவ்வளவு நெருக்கடி இல்லை. இன்யோ தேசிய வனத்தில், ராக் கிரீக் பள்ளத்தாக்கை ஒட்டிப் பல முகாம்கள் உண்டு. பிஷப் ஊரருகே பாறையேறிகள் வழக்கமாகத் தங்கும் 'பிட்' முகாம் குளிர்காலத்துக்கானது, கோடையில் மூடியிருக்கும்.

3. ஆவணங்களை ஒரே உறையில் போடுங்கள்

ஓட்டுநர் உரிமம்: கலிபோர்னியாவில் குடியேறியவர் பத்து நாள்களுக்குள் இம்மாநில உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலாவாக வந்திருப்பவர் தம் இந்திய உரிமத்துடன் ஓட்டலாம். கலிபோர்னியா உரிமத்துக்கு இன்னொரு பயனும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதிச் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவருக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். ஆண்டுச் சீட்டு இல்லாத வெளிநாட்டவர், 16 வயது நிரம்பியவராக இருந்தால், யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துடன் தலைக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். வசிப்பவர் என்பதற்கு மாநில ஓட்டுநர் உரிமமோ நிரந்தரமாக வசிப்பவருக்கான கிரீன் கார்டோ சான்றாகும். குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எச்-1பி விசாவில் இருந்தாலும் கலிபோர்னியா உரிமம் கையிலிருந்தால் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பியையோ மாமாவையோ உடன் அழைத்துச் செல்பவர்கள் இந்தக் கணக்கை வாசலில் போடாமல் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்.

குடிவரவுச் சான்று: வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை, அதாவது ஐ-94 பிரதியையோ கிரீன் கார்டையோ, உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மலையில் யாரும் எங்களைக் கேட்டதில்லை என்றாலும் உறையில் ஒரு பிரதி இருக்கிறது.

நுழைவு நேரப் பதிவு: யோசெமிட்டிக்குள் காரில் நுழையவே தனி முன்பதிவு வேண்டும் என்ற விதி 2023இல் இல்லை, 2024இலும் 2025இலும் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. முகாம் பதிவு வைத்திருந்தவர்களுக்கு அதுவே நுழைவுக்கும் போதுமானதாக இருந்தது. சென்ற ஆண்டு நண்பர் சொன்னதை நம்பாமல், புறப்படும் மாதத்தில் பூங்காவின் தளத்தைப் பாருங்கள்.

அடுப்பு அனுமதி: வசதிகள் கொண்ட முகாமுக்கு வெளியே, தேசிய வன நிலத்தில் கூடாரம் போட்டு எரிவாயு அடுப்பு பற்றவைப்பதற்குக்கூடக் கலிபோர்னியா கேம்ப்ஃபயர் அனுமதி வேண்டும். இணையத்தில் இலவசம், சில நிமிடங்களில் முடியும்.

பாறையேற அனுமதி: காலையில் ஏறி மாலையில் இறங்கினால் யோசெமிட்டியில் தனி அனுமதி தேவையில்லை. பெருஞ்சுவர்களில் இரவு தங்கி ஏறுவோருக்கே அனுமதி, அதுவும் இலவசம். பெரிகிரின் வல்லூறுகள் கூடுகட்டும் சுவர்களை மட்டும் வழக்கமாக மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மூடிவைப்பார்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு: பூங்காவின் மீட்புக் குழு மீட்பதற்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் ஆம்புலன்சும் மருத்துவ ஹெலிகாப்டரும் பில் அனுப்பும், அந்தத் தொகை சிறியதாக இராது. உங்கள் மருத்துவக் காப்பீடு அவசர வான்வழி ஊர்தியை ஏற்கிறதா என்று பாருங்கள். வந்திருக்கும் உறவினருக்கு எடுத்த பயணக் காப்பீடுகள் பலவற்றில் பாறையேற்றம் விலக்கப்பட்டிருக்கும்.

வாடகைக் கார்: ஒப்பந்தத்தில் தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இரண்டாம் ஆண்டில் பிஷப் அருகே ஒரு மண்சாலையில் டயர் கிழிந்தது. கூடுதல் காப்பீடு வாங்கியிருந்தும் அந்த ஒரு வரியைக் காட்டி நிறுவனம் முழுத்தொகையையும் எங்களிடமே வாங்கியது.

4. கருவிகளும் பயிற்சியும்

உள்ளரங்கில் 5.10 என்ற கடினத் தரத்தில் ஏறுகிறீர்கள் என்றால் யோசெமிட்டியில் 5.6 அல்லது 5.7இல் தொடங்குங்கள். (இது பதின்மக் கணக்கல்ல என்பதைப் புதியவர்கள் கவனிக்க: 5.10 என்பது 5.9ஐ விடக் கடினம்.) அங்குள்ள கிரானைட் பிளவுகளில் விரலாலும் முஷ்டியாலும் பூட்டிக்கொண்டு ஏறும் வித்தையை வண்ணப் பிடிகள் கொண்ட சுவர் கற்றுத்தருவதில்லை. பெரும்பாலான பாதைகள் டிராட் வகையைச் சேர்ந்தவை. அதாவது ஏறுபவரே கேம், நட் எனப்படும் உலோகக் கருவிகளைப் பிளவில் செருகிப் பாதுகாப்பு அமைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தெரியாமல் முன்னேறிச் செல்வது தற்கொலைக்குச் சமம். யோசெமிட்டி மவுண்டனீரிங் ஸ்கூல் பள்ளத்தாக்கிலேயே வகுப்புகள் நடத்துகிறது. கிழக்குப் பக்கத்தில் சான்றிதழ் பெற்ற தனி வழிகாட்டிகளும் உண்டு. ஒரு நாளுக்குச் சில நூறு டாலர் ஆகும். மொத்தப் பயணத்தில் நாங்கள் மிகச் சரியாகச் செலவழித்த பணம் அதுதான் என்பேன்.

காலணி, ஹார்னஸ், தலைக்கவசம் ஆகிய மூன்றுக்கும் ஆளுக்குச் சுமார் 300 டாலர் பிடிக்கும். கயிறு ஏறத்தாழ 200 டாலர். ஒரு கேம் 80 முதல் 100 டாலர் என்பதால் முழுத்தொகுதி வாங்குவது பெரிய முதலீடு. முதல் ஆண்டு அனுபவமுள்ள நண்பருடன் சேர்ந்து போய் அவருடையதைப் பயன்படுத்துவதில் வெட்கமில்லை. பழைய கயிற்றையும் பழைய ஹார்னஸையும் மட்டும் யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள்.

கயிற்றின் நீளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் 60 மீட்டர் கயிறு பெரும்பாலும் போதும். கிழக்கே ஓவன்ஸ் ரிவர் கோர்ஜில் 70 மீட்டர் கேட்கும் பாதைகள் பல உள்ளன. அங்கே ஒரு பாதையை முடித்து என் மனைவி என்னை இறக்கிக்கொண்டிருந்தபோது, தரைக்கு ஓராள் உயரம் மிச்சமிருக்கையில் கயிறு சட்டென்று நின்றது. மறுமுனையில் போட்டிருந்த முடிச்சு, கீழே இருப்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவியில் வந்து முட்டியிருந்தது. அந்த முடிச்சைக் காலையில் சோம்பலில் போடாமல் விட்டிருந்தால் கயிற்றின் நுனி கருவியினூடே நழுவி ஓடியிருக்கும். பாறையை ஒட்டித் தவழ்ந்து ஒரு திட்டைப் பற்றி இறங்கினேன். இப்போது நுனி முடிச்சு இல்லாமல் யாரும் தரையிலிருந்து காலெடுப்பதில்லை.

5. இருவருக்குள் பேசி முடிக்க வேண்டியவை

யார் முன்னே ஏறுவது, எந்த நேரமானால் திரும்புவது, ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் காரணம் கேட்கலாமா ஆகிய மூன்றையும் காரில் போகும்போதே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டு விதி, காரணம் கேட்கக் கூடாது.

கட்டளைச் சொற்களில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டமான பாதையில் நான்கு ஜோடிகள் ஒரே நேரத்தில் 'ஆஃப் பிலே' (நான் பத்திரம், இனி என் கயிற்றைப் பிடிக்க வேண்டாம்) என்று கத்துவார்கள். அதை உங்கள் துணையின் குரலென்று நினைத்துக் கயிற்றைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெயரையும் சேர்த்துச் சொல்வது பொதுவான வழக்கம். நாங்கள் தமிழுக்கு மாறினோம்: 'இறுக்கு', 'தளர்த்து', 'நின்னுட்டேன்'. வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் குழப்பமே இல்லை. 'விடு' என்ற சொல்லை மட்டும் தடை செய்துவிட்டோம்; கயிற்றைத் தளர்த்து என்ற பொருளில் நான் சொன்னதை, பிடியை விடச் சொல்கிறேனோ என்று அவள் ஒரு நொடி திகைத்த நாளிலிருந்து. காற்றில் குரல் கேட்காத இடங்களில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கயிறு முழுவதும் மேலே போய், இழுபட்டு, மறுபடி சீராக மேலே நகர்ந்தால் ஏறத் தொடங்கலாம் என்பது எங்கள் ஏற்பாடு.

6. மூன்று கட்டமாக நகருங்கள்

முதல் மூன்று நாள்கள் பள்ளத்தாக்கில். சான் ஹோசேயிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம். கேம்ப் ஃபோருக்கு அருகிலேயே உள்ள ஸ்வான் ஸ்லாப் கை பழக ஏற்றது. பிறகு மெனூர் பைல் பட்ரஸில் 'ஆஃப்டர் சிக்ஸ்' என்ற 5.7 பாதை. அதன் முதல் பகுதிதான் மிகக் கடினம். ஆயிரக்கணக்கானோர் காலணி பட்டு வழவழப்பாகியிருக்கிறது. அங்கேயே 'நட்கிராக்கர்' என்ற 5.8 பாதையும் உண்டு, ஆனால் முதல் ஆண்டுக்கு அது வேண்டாம். காலை ஆறு மணிக்கே பாறையடியில் இருங்கள். பத்து மணிக்குப் போனால் வெயிலும் வரிசையும் சேர்ந்து காத்திருக்கும்.

அடுத்த மூன்று நாள்கள் டுவாலமியில். பள்ளத்தாக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம். போன அன்றே ஏறாதீர்கள். கடல் மட்டத்தில் வாழ்பவருக்கு 8,600 அடியில் முதல் இரவு தலைவலி வருவது இயல்பு. அங்குள்ள வழவழப்பான குவிமாடப் பாறைகளில், கயிற்றை மாட்டப் பதித்திருக்கும் ஆணிகளுக்கிடையே இடைவெளி மிக அதிகம். வழிகாட்டி நூலில் தர எண்ணுக்குப் பின் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால், விழுந்தால் நீண்ட தூரம் விழுவீர்கள் என்று பொருள். தரம் எவ்வளவு எளிதாக இருந்தாலும் அந்த எழுத்துள்ள பாதைகளைத் தொடாதீர்கள். லெம்பர்ட் டோமில் 'நார்த்வெஸ்ட் புக்ஸ்' என்ற 5.6 பாதை நல்ல தொடக்கம்.

கதீட்ரல் பீக்கின் 'சவுத்ஈஸ்ட் பட்ரஸ்' பாதையும் 5.6தான். சிகரம் சுமார் 10,900 அடி. ஆனால் அடிவாரத்துக்கே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், பின்பு ஐந்தாறு கயிற்று நீளம் ஏறி, பின்புறமாகத் தவழ்ந்து இறங்க வேண்டும். கோடைப் பிற்பகல்களில் அங்கே இடிமின்னல் சாதாரணம். விடியுமுன் நான்கு மணிக்குக் கிளம்பி, நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கும்படி கணக்கிடுங்கள். நாங்கள் முதல் முயற்சியில் மூன்றாம் நீளத்தில் முன்னால் இருந்த இரண்டு ஜோடிகளுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, மேற்கே மேகம் கறுத்ததும் ராப்பெல் செய்து, அதாவது கயிற்றைப் பிடித்துச் சறுக்கி, இறங்கினோம். இரண்டு நட்டுகளை அங்கேயே விட்டுவிட வேண்டியிருந்தது. பாதி வழியில் ஆலங்கட்டி மழை.

கடைசி மூன்று நாள்கள் கிழக்கே. ஜூலையில் பிஷப் ஊருக்கருகே உள்ள தாழ்வான பாறைகள் கொதிக்கும். ஆகவே 9,000 அடி உயரத்திலிருக்கும் ராக் கிரீக்குக்குப் போங்கள். ஐரிஸ் ஸ்லாப் புதியவர்களுக்கென்றே அமைந்தது போலிருக்கும். கோர்ஜுக்குப் போவதென்றால் காலை நிழலில் முடித்துக்கொள்ளுங்கள். வெளியேறும் செங்குத்துச் சாலையை வெயிலில் ஏறுவது பாறையைவிடக் கடினம்.

7. கரடியும் சமையலும்

யோசெமிட்டியில் இருட்டிய பிறகு உணவை காரில் வைக்கக் கூடாது. முகாமில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துத் தாழிட வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். உணவென்றால் சோறு மட்டுமல்ல: பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், காலித் தகரக்குவளை எல்லாமே. எங்களைக் காட்டிக்கொடுத்தது பெருங்காய டப்பாவும் பருப்புப்பொடியும். முன்னிருக்கையின் அடியில் உருண்டு கிடந்தவற்றை யாரும் கவனிக்கவில்லை. காலையில் கண்ணாடியில் எச்சரிக்கைச் சீட்டு செருகியிருந்தது.

டுவாலமி உயரத்தில் தண்ணீர் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, அரிசி வெந்தும் வேகாமல் நிற்கும். சிறிய குக்கர் இல்லாவிட்டால் அவல், ரவை, வறுத்த சேமியா என்று மாறிக்கொள்ளுங்கள். பாறையில் கொண்டுபோக எங்களுக்குப் பொருந்தியது பொரிவிளங்காய் உருண்டை. வெயிலில் உருகாது, பையில் நசுங்காது.

8. செலவு

பத்து நாள், ஒன்பது இரவு, இருவருக்கு, சொந்தக் காரில் போன எங்கள் கணக்கு இது. கேம்ப் ஃபோர் மூன்று இரவுகள் 60 டாலர், டுவாலமி மூன்று இரவுகள் 108, கிழக்குப் பக்க முகாம் இரண்டு இரவுகள் ஏறத்தாழ 70, குளிப்பதற்காகவும் துணி துவைப்பதற்காகவும் ஒரு மோட்டல் இரவு 150, பெட்ரோல் 130, உணவு 200, ஆண்டுச் சீட்டு 80. மொத்தம் 800 டாலருக்குச் சற்றுக் குறைவு. கருவிகளும் வழிகாட்டிக் கட்டணமும் இதில் சேரவில்லை. மோட்டலைத் திரும்பப் பெறக்கூடிய கட்டணத்தில் மட்டுமே பதிவு செய்யுங்கள். புகை வந்தால் நிதானமாக ரத்து செய்யலாம்.

9. திரும்பும் நாள்

பள்ளத்தாக்கில் பெட்ரோல் கிடைக்காது. கிரேன் ஃப்ளாட்டிலும் எல் போர்ட்டலிலும் உண்டு. லீ வைனிங்கில் கிடைக்கும் என்றாலும் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆகவே பிஷப்பிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலை முழுவதும் கைபேசி அலை அரிதாகத்தான் வரும், வரைபடத்தை முதலிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஞாயிறு மாலை 580 நெடுஞ்சாலையில் ஆல்டமான்ட் கணவாயை நெருங்கும்போது நெரிசலில் சிக்கினால் ஆறு மணி நேரப் பயணம் எட்டாகும். நாங்கள் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, டெனாயா ஏரிக்கரையில் காலை உணவை முடித்துக்கொண்டு, பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் கயிற்றை உதறிக் காயப்போட்டுவிடுவோம்.